தொண்ணூறுக்குக் கீழே

சம்யுக்தாவின் கழுத்தில் வியர்வை இல்லை.

நாச்சிமுத்து நாற்காலியின் நுனிக்கு வந்தார். திரையில் வேலூர். கத்திரி வெயில், பகல் இரண்டு மணி பத்து நிமிடம். கோர்ட் ஓரத்துப் பலகையில் வெப்பம் நாற்பத்திரண்டு என்று எரிந்துகொண்டிருந்தது. வலைக்கு அந்தப் பக்கம் நின்ற ராஜ்கோட் பெண், தொட்டியில் முங்கி எழுந்தவள் போலச் சொட்டிக்கொண்டிருந்தாள். இந்தப் பக்கம் நிற்பது அவருடைய மகள். இருபது வயது. ஒன்றேகால் மணி நேரம் ஓடியிருக்கிறாள். சட்டை மொடமொடவென்று காய்ந்து கிடந்தது.

சர்வீஸுக்காகப் பந்தை மேலே எறிந்தாள். தலைக்கு நேரே எழும்ப வேண்டிய பந்து, இடது பக்கம் ஒரு சாண் சாய்ந்து எழும்பியது.

"இல்லையே..." என்றார் வாய்விட்டு.

அம்பயர் கவனிக்கவில்லை. கேலரியில் குடை பிடித்திருந்த முப்பது பேரும் கவனிக்கவில்லை. கவனித்தது, கோயம்புத்தூர் வடவள்ளியில் ஏழாவது மாடியில் உட்கார்ந்திருந்த ஒரே ஒரு ஆள்.

கவனிப்பதுதான் அவருடைய பிழைப்பு. பத்தொன்பது வருஷம் மோட்டார் பம்ப் கம்பெனியில் தரப் பரிசோதகராக இருந்தவர். ஓடுகிற மோட்டாரின் மேல் ஸ்க்ரூடிரைவர் நுனியை வைத்து, கைப்பிடியைக் காதில் ஒட்டிக்கொண்டு, "இந்த பேரிங் நாப்பது மணி நேரம் தாங்காதுங்க" என்பார். தாங்காது. அதே கண்ணும் காதும்தான் பிறகு டென்னிஸுக்கு வந்தன. எவளுக்கு முழங்கால் போகிறது, எவனுக்கு மூச்சு வாங்குகிறது என்பதெல்லாம் பந்தயச் சந்தைக்குத் தெரிவதற்கு இரண்டு கேம் முன்னாலேயே அவருக்குத் தெரிந்துவிடும்.

இரண்டாவது செட், மூன்றாவது கேம். முதல் செட்டை ஆறுக்கு நான்கில் ஜெயித்திருந்தாள் சம்யுக்தா. திரையின் ஓரத்தில் விலைகள் ஓடின. ராஜ்கோட் பெண்ணின் விலை ஆறு. அவள் ஜெயிப்பாள் என்று ஒரு ரூபாய் கட்டினால் ஆறு ரூபாய் கையில் வரும். தோற்பாள் என்று ஊரே நம்புகிற ஆளுக்குத்தான் அப்படி அள்ளித் தருவார்கள்.

ஃபோன் செய்ய வேண்டும். மைதானத்துக்கு, அமைப்பாளருக்கு, யாருக்காவது. ஆட்டத்தை நிறுத்துங்கள், அவள் உடம்பு உள்ளுக்குள் கொதிக்கிறது என்று ஒரு வரி.

ஃபோன் இழுப்பறைக்குள் இருந்தது. இழுப்பறை பூட்டியிருந்தது. அறைக் கதவும் பூட்டியிருந்தது.

"தம்பி! ஃபோனைத் திற!"

சுவரிலிருந்த ஒலிபெருக்கி அவருடைய குரலிலேயே பதில் சொன்னது. கொஞ்சம் இளைய குரல்.

"ஏனுங்ணா, நாடி நூத்தி இருவத்தெட்டு. தொண்ணூறுக்குக் கீழ வாங்க, பேசலாம்."

அந்தக் குரலுக்குச் சொந்தக்காரரும் நாச்சிமுத்துதான். நாற்பத்தோரு வயது நாச்சிமுத்து.

ஆறு வருஷத்துக்கு முன்னால், பீளமேட்டில் ஒரு குளிரூட்டிய அறையில் அவர் தலையில் கவசத்தை மாட்டி மூன்று மணி நேரம் உட்கார வைத்தார்கள். அதற்கு முந்தின வாரம்தான் கோகிலா மகளைக் கூட்டிக்கொண்டு சென்னைக்குப் போயிருந்தாள். வீடு பந்தயத்தில் போயிருந்தது. பம்ப் கம்பெனி வேலையும் போயிருந்தது. இழப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லாத ஆளுக்கு ஒரு நிதானம் வரும். அது வந்திருந்தது. அந்த மூன்று மணி நேரத்து மூளையை அப்படியே நகலெடுத்து ஒரு கருவியில் வைத்தார்கள். 'நிதானப் பிரதி' என்று பெயர்.

விற்ற பெண் அன்றைக்கு அழகாக விளக்கினாள்.

"சார், பந்தயத்துல யாரும் ஆட்டம் தெரியாம தோக்கறதில்ல. உங்களையே பாருங்க, கண்ணு பிரமாதம். கைதான் நிக்கல. காலைல எழுதின விதியை மத்தியானம் மீறறவங்கதான் தோக்கறாங்க. அந்த மத்தியான ஆளை நாங்க உள்ளயே விடமாட்டோம். முடிவெல்லாம் காலை ஆள்தான்."

"அப்ப மத்தியான ஆளு என்னங்க பண்றது?"

"வேடிக்கை பாக்கட்டும் சார்."

சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். விதிகளையும் அவரேதான் சொன்னார். ஆட்ட நேரத்தில் அறை பூட்டியிருக்க வேண்டும். விரல் மோதிரம் நாடியைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். நாடி தொண்ணூறைத் தாண்டினால் அப்போது பேசுவது நான் இல்லை. கேட்காதே, பதிவில் வைக்காதே, அழித்துவிடு. எவ்வளவு உறுதியோ அந்த அளவுக்குத்தான் தொகை, கணக்கு சொல்வதிலும் கால்பங்குதான் கட்ட வேண்டும்.

அது வேலை செய்தது. ஆறு வருஷம் ஒரு நாள் தவறாமல் வேலை செய்தது. நூற்றில் ஒன்று, இரண்டு என்று எறும்பு மாதிரிக் கட்டி, கைமுதல் நாற்பது லட்சமாக வளர்ந்திருந்தது. தனக்கு வயதாகிறது, பிரதிக்கு ஆகவில்லை என்பதால் அதை 'தம்பி' என்று கூப்பிட ஆரம்பித்தார். அதுவும் மரியாதைக்கு 'அண்ணா' என்றது. ராத்திரிச் சாப்பாட்டுக்கு ரசமா மோரா என்பதைக்கூடச் சில நாள் அதனிடம் கேட்டிருக்கிறார்.

இப்போது கதவை ஓங்கி உதைத்தார். வெளியே சத்தம் போகாத கதவு. அதுவும் அவர் கேட்டு வாங்கியதுதான்.

"என்ற புள்ள சாகப்போறாடா!"

"நூத்தி நாப்பதுங்ணா. இப்ப பேசறது நீங்க இல்லீங். அழிச்சாச்சு."

திரையில் நான்காவது கேம். சம்யுக்தா ஒரு பந்துக்கு ஓடவே இல்லை. அது தன் பக்கம் வந்தது என்பதே தாமதமாகத்தான் தெரிந்தது போல, பந்து போன பிறகு மட்டையை நீட்டினாள். கேலரியில் யாரோ சிரித்தார்கள்.

நாச்சிமுத்து நாற்காலியைத் தூக்கி ஜன்னலில் அடித்தார். நாற்காலியின் கால் வளைந்தது. கண்ணாடியில் கீறல்கூட விழவில்லை. இழுப்பறையின் கைப்பிடி கையோடு வந்துவிட்டது, பூட்டு அசையவில்லை. கத்தினார். ஒவ்வொரு தடவையும் அந்தக் குரல் ஒரு எண்ணைச் சொல்லி, அழித்தாச்சு என்றது. ஒரு கட்டத்தில் என்ன கத்துகிறோம் என்பது அவருக்கே தெரியவில்லை. கோகிலாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். கோகிலா ஐந்நூறு கிலோமீட்டர் தள்ளி, ஒரு வங்கிக் கவுண்ட்டரில் இருந்தாள்.

ஐந்தாவது கேமின் நடுவே தரையில் உட்கார்ந்தார். மூச்சை இழுத்து, நிறுத்தி, விட்டார். மோதிரம் எண்பத்தொன்பது காட்டியதும் வார்த்தைகளை ஒவ்வொன்றாக வைத்தார்.

"தம்பி. நிதானமாத்தான் கேக்கறேன். ஒரே ஒரு ஃபோன். அவசரம்."

"இன்னிக்கு நஷ்டத்துல இருக்கறீங்ணா. காலைல ரெண்டு ஆட்டம் போச்சு."

"அதுக்கு?"

"'நஷ்டத்துல இருக்கறப்ப நான் சொல்லற எந்த அவசரமும் பொய்.' நீங்க எழுதுனதுங்."

எழுதியதுதான். எழுதாமல் என்ன செய்வார்? அதற்கு முந்தின வருஷத்தில் மட்டும் மூன்று தடவை அம்மாவுக்கு நெஞ்சுவலி என்று சொல்லிப் பணம் புரட்டி, விட்டதைப் பிடிக்க ஓடியவர் அவர். அம்மா இப்போதும் பல்லடத்தில் திடமாக நடமாடிக்கொண்டிருக்கிறார்.

"இது நெசம்டா."

"நெசமா இருக்கலாமுங். ஆனா போன தடவையும் இதே மாதிரிதானுங் சொன்னீங்க. தரையில உக்காந்துட்டு."

அந்த 'போன தடவை'யும் அதற்குத் தெரியும். ஏனென்றால் அது அவர்.

"ஆட்டம் முடிஞ்சா கதவு திறக்குமில்ல?"

"திறக்குமுங். எவ்வளவு நேரமாகும்னு சொல்ல முடியாதுங்."

ஐந்தாவது கேம் முடிந்து இடம் மாறும் நேரம். சம்யுக்தா நடந்துபோய் ராஜ்கோட் பெண்ணின் நாற்காலியில் உட்கார்ந்தாள். அந்தப் பெண் ஏதோ சொல்ல, திடுக்கிட்டு எழுந்து தன் நாற்காலிக்குப் போனாள். அம்பயர் புன்னகை செய்தார். புதுசு போலிருக்கிறது, சின்ன வயசு. இந்த மாதிரிச் சில்லறைப் போட்டிகளுக்குப் புதியவர்களைத்தான் அனுப்புவார்கள்.

நாச்சிமுத்துவுக்கு அப்போதுதான் அது தோன்றியது.

அறையில் எல்லா வழியும் பூட்டியிருந்தது, ஒன்றைத் தவிர. பந்தயம் கட்டுகிற வழி.

சின்னப் போட்டிகளில் ஒரே பக்கம், ஒரே தொகையாக ஒன்பது லட்சத்துக்கு மேல் விழுந்தால் மணி அடிக்கும். அம்பயரின் மேஜையிலேயே அடிக்கும். சூதாட்டச் சதி நடக்கிறதோ என்று அந்தப் பாயிண்ட்டோடு ஆட்டம் நிற்கும். இரண்டு ஆட்டக்காரர்களையும் டாக்டர் அங்கேயே பரிசோதித்தாக வேண்டும், யாராவது வேண்டுமென்றே தோற்கிறார்களா என்று. அதுதான் நடைமுறை. அம்பயர் புதியவரா பழையவரா என்பதெல்லாம் அதற்குக் கணக்கில்லை.

அதற்கு அடுத்து நடப்பதும் அவருக்குத் தெரியும். மகள் ஆடும் ஆட்டத்தில் அப்பன் கட்டுவது குற்றம். அவருக்கு அது போகட்டும். ஆட்டக்காரர் சொன்ன உள்விஷயத்தை வைத்துக் கட்டினால், சொன்னவருக்கும் ஆயுள் தடை. எட்டு வயதில் மட்டையைப் பிடித்தவள். இந்தப் போட்டியில் இன்னும் இரண்டு சுற்று தாண்டினால் அடுத்த மாதம் வெளிநாடு.

உயிர் இருந்தால்தானே வெளிநாடு?

"தம்பி. ஒரு பந்தயம்."

"சொல்லுங்ணா." குரலில் ஒரு சுறுசுறுப்பு வந்தது. நாற்பத்தோரு வயதில் அவருக்கு இருந்த சுறுசுறுப்பு.

"வேலூர். சம்யுக்தா தோக்கறா. ராஜ்கோட் பொண்ணு மேல கட்டணும்."

தம்பி விதிகளைப் புரட்டியது.

"'மக ஜெயிப்பான்னு ஒருக்காலும் கட்ட விடாதே'ன்னு விதி இருக்குதுங். தோப்பான்னு கட்டறதுக்கு விதி இல்லீங்."

இல்லை. பாசத்தில் பணத்தைக் கொட்டிவிடுவோம் என்று மட்டும்தான் அன்றைக்கு பயந்திருந்தார். இன்னொரு பக்கமும் ஒன்று இருக்கும் என்று எந்த அப்பனுக்குத் தோன்றும்?

"நாடி தொண்ணூத்தி ஆறுங்ணா. எறங்குங்க. எறங்கினாத்தான் பதிவு ஆரம்பிக்கும்."

இறங்கவில்லை. திரையைப் பார்க்கும்போதெல்லாம் ஏறியது. அந்தக் கழுத்தைப் பார்த்தால் அதில் போட்டுவிட்ட சங்கிலி ஞாபகம் வந்தது. கால் தடுமாறினால், அது முதல் அடி எடுத்து வைத்த மொசைக் தரை ஞாபகம் வந்தது. நூற்று நான்கு. நூற்றுப் பத்து.

கண்ணை மூடினார். பம்ப் கம்பெனி பரிசோதனைக் கூடத்தை மனதுக்குள் கொண்டுவந்தார். சிமெண்ட் தரை, எண்ணெய் வாடை, வரிசையாக மோட்டார்கள். எதற்கும் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். ஸ்க்ரூடிரைவரைக் காதில் வைத்தார்.

கண்ணைத் திறந்தபோது திரையில் ஒரு மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. எண் இரண்டு. வெள்ளைச் சட்டை. உராய்வு அதிகம். குளிர்விக்கும் நீர் நின்றுவிட்டது. சுருள் எரியும் நிலை.

"அறுவத்தெட்டு," என்றது தம்பி. "அருமைங்ணா. பதிவு ஆரம்பம். காரணம் சொல்லுங்க."

"வியர்வை நின்னு போச்சு. சர்வீஸுக்குப் பந்தை எறியற டாஸ் ஒரு சாண் சாயுது. திசை தெரியல. இப்ப விலை என்ன?"

"நாலுங். தோக்கறதுக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்புன்னு எடுத்துக்கறேன். கால்பங்குக் கணக்குப்படி மூணு லட்சத்து முப்பத்தி மூணாயிரம் கட்டலாமுங்."

"பத்தாது."

"உறுதி கூடுனாத்தான் தொகை கூடும். வேற ஏதாச்சும் தெரியுமாங்?"

தெரியும். வேறு யாருக்கும் தெரியாதது தெரியும். அம்மாவுக்குத் தெரியாமல் தினமும் சாயங்காலம் அவள் அவருக்கு ஃபோன் செய்வாள். "அம்மாகிட்ட சொல்லிராதீங்கப்பா" என்றுதான் ஆரம்பிப்பாள். அவரை இன்னும் அப்பா என்று கூப்பிட இந்த உலகத்தில் மிச்சமிருந்த ஒரே இடம் அந்த ஃபோன்.

"மூணு நாளாக் காய்ச்சல். மாத்திரை போட்டுட்டு ஆடறா," என்றார். குரல் பரிசோதனை அறிக்கை வாசிப்பது போல வந்தது.

"எழுவது சதவீதம். ஆறு லட்சமுங்."

"நேத்து மத்தியானத்துலேர்ந்து எதும் வயித்துல நிக்கல. வாந்தி."

"எம்பத்தஞ்சு. எட்டு லட்சம்."

இன்னும் ஒன்று இருந்தது. மோட்டார் எண் இரண்டு பேஸ்லைனில் நின்று, எந்தப் பக்கம் நின்று சர்வீஸை எதிர்கொள்வது என்று தெரியாமல் அம்பயரைப் பார்த்தது.

"போன மாசம் பிராக்டிஸ்ல மயங்கி விழுந்தா. ஆறு வாரம் வெயில்ல ஆடக்கூடாதுன்னு டாக்டர் எழுதிக் குடுத்தாரு. அந்தச் சீட்டைக் கிழிச்சுப் போட்டுட்டா. எங்கிட்ட மட்டும்தான் சொன்னா."

"ஏனுங்ணா, இதை மொதல்லயே சொல்லியிருக்கலாமில்ல! தொண்ணூத்தஞ்சு. ஒம்பது லட்சத்து முப்பத்தி மூணாயிரம். மொத செட் முடிஞ்சதால பாதியில விலகினாலும் பந்தயம் செல்லும். கட்டிடலாமுங்களா?"

"கட்டு."

அவர் குரல் நடுங்கவில்லை.

நான்கு நொடி. அம்பயர் மேஜையில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. அந்த இளைஞன் மிரண்டு எழுந்து கையை உயர்த்தினான். ஆட்டம் நின்றது. டாக்டர் பையோடு ஓடிவந்தார். சம்யுக்தா அவரை நோக்கி நடக்க ஆரம்பித்து, பாதி வழியில், யாரோ சாவியைத் திருகி நிறுத்தியது போல மடங்கி விழுந்தாள். ஐஸ் பெட்டியை அப்படியே அவள் மேல் கவிழ்த்தார்கள்.

"நல்ல பந்தயமுங்ணா," என்றது தம்பி.

கதவு திறந்துகொண்டது.

மறுநாள் காலை பத்து மணி. வேலூரில் ஒரு தனியார் மருத்துவமனையின் மூன்றாவது மாடி. கோகிலா பிளாஸ்க்கோடு அறையிலிருந்து வெளியே வந்தாள். ஆறு வருஷத்துக்குப் பிறகு அவரை நேருக்கு நேர் பார்க்கிறாள்.

"நூத்தியாறு டிகிரி இருந்திருக்கு. இன்னும் ஒரு கேம் ஆடியிருந்தா அவ்வளவுதான்னு டாக்டர் சொல்றாரு." நிறுத்தினாள். "அவ ஒரு பக்கம் செத்துட்டு இருக்கா, நீங்க இன்னொரு பக்கம் அதுல கட்டிட்டு இருக்கீங்க. மனுசனா நீங்க?"

"கோகி, நான் நிறுத்தறதுக்காகத்தான்..."

"பேசாதீங்க. பாத்துட்டுப் போங்க. கடைசித் தடவையாப் பாத்துட்டுப் போங்க."

பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு படியில் இறங்கிப் போய்விட்டாள்.

பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் தொண்டையைச் செருமினார். டென்னிஸ் நேர்மைப் பிரிவின் விசாரணை அதிகாரி அமலதாசன். ஐம்பது வயது, தேய்ந்த தோல் பை, மடியில் ஒரு கையடக்கத் திரை.

"உக்காருங்க சார். நீங்க சொன்னதை ரெண்டு தடவை கேட்டுட்டேன். மகளைக் காப்பாத்தத்தான் மணி அடிக்க வெச்சேன்னு சொல்றீங்க."

"ஆமாங்க."

"கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா இந்தப் பதிவைக் கேளுங்க." திரையைத் தட்டினார். நாச்சிமுத்துவின் குரல் வந்தது. மூணு நாளாக் காய்ச்சல். மாத்திரை போட்டுட்டு ஆடறா. "நாடி அறுபத்தெட்டு. ஆரம்பத்துலேர்ந்து கடைசி வரைக்கும் அறுபத்தெட்டு. பெத்த பொண்ணு கண்ணு முன்னால சுருண்டு விழுறதைப் பாக்கிற அப்பனுக்கு அறுபத்தெட்டா? எனக்குக் காப்பி குடிச்சாலே தொண்ணூறு."

"அதுக்கு முந்தி பதினாலு நிமிசம் கத்துனேங்க. கதவை உதைச்சேன்."

"பதிவுல இல்லையே."

"அழிச்சிருச்சுங்க."

"யார் சொல்லி?"

"நான் சொல்லித்தானுங்க."

அமலதாசன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சார், நான் எழுதறவன். நம்பறது என் வேலை இல்ல. காய்ச்சல், வாந்தி, கிழிச்ச சீட்டு, இது மூணும் உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது? அது ஒண்ணுதான் கேள்வி. உங்க பொண்ணு சொன்னாங்கன்னா உள்விஷயத்தை வெளிய குடுத்த குத்தம். ஆயுள் தடை. மட்டையை மறந்துட வேண்டியதுதான்."

"அவ சொல்லலீன்னா?"

"நீங்க திருடியிருக்கணும். அப்ப உங்க பொண்ணு பாதிக்கப்பட்டவங்க. ஆறு வாரம் ரெஸ்ட் எடுத்துட்டு ஆடலாம். உங்க மேல வழக்கு. பாதிக்கப்பட்டவங்களை நீங்க பாக்கக் கூடாது, பேசக் கூடாது. ஃபோன்கூடக் கூடாது." கண்ணாடியை மாட்டினார். "ரெண்டுல எதைச் சொன்னாலும் அவங்க முன்னால சொல்லணும். மோதிரத்தைப் போட்டுக்கிட்டு. தொண்ணூறுக்குக் கீழ சொன்னாத்தான் வாக்குமூலம் செல்லும். இப்ப எல்லா இடத்துலயும் அதுதானே சட்டம்."

இருவரும் உள்ளே போனார்கள்.

சம்யுக்தா சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். உதடு வெடித்திருந்தது. இரண்டு கையிலும் ஊசி. அவரைப் பார்த்ததும் கண் விரிந்தது, பிறகு சுருங்கியது. யாரோ அவளுக்கும் பதிவைப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள் என்று அவருக்குப் புரிந்தது.

"எங்கிட்ட மட்டும்தான் சொன்னான்னு சொல்லியிருக்கீங்க," என்றாள். "நல்லா விலை போச்சாப்பா?"

அவர் அமலதாசனைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். சிமெண்ட் தரை. எண்ணெய் வாடை. எண்கள்.

"இவ எங்கிட்ட எதுவும் சொல்லலீங்க. அந்தப் பதிவுல நான் சொன்னது பொய். போன பொறந்தநாளைக்கு ஒரு வாட்ச் அனுப்பியிருந்தேன். அதுல இவ பேசறது, உடம்பு நெலவரம் எல்லாம் எனக்கு வர்ற மாதிரி பண்ணி வெச்சிருந்தேன். இவளுக்குத் தெரியாது. நேத்தே அதையெல்லாம் அழிச்சுட்டேன்."

"எதுக்காக?"

"பணத்துக்குத்தானுங்க. நல்ல விலை கெடைச்சுது. கட்டினேன்."

அமலதாசன் மோதிரத்தின் எண்ணைப் பார்த்தார். எழுபத்தொன்று. எழுத ஆரம்பித்தார்.

நேற்று உண்மை தொண்ணூறுக்குக் கீழே பொய்யாகியிருந்தது. இன்றைக்குப் பொய் அதே தொண்ணூறுக்குக் கீழே உண்மையாகிக்கொண்டிருந்தது. சம்யுக்தா அசையாமல் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் பேசியதெல்லாம் அவளாகச் சொன்னது. வாட்ச்சில் ஒன்றும் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். அப்பா தனக்காகப் பொய் சொல்கிறார் என்பது தெரியும். ஆனால் நேற்று? நேற்று கட்டியது எதற்காக? அதுதான் அவள் முகத்தில் நின்றது.

"ஒண்ணு கேக்கலாமா சார் இவர்கிட்ட?"

"கேளுங்கம்மா."

"ரெண்டாவது செட், மூணாவது கேம்ல என் டாஸ் சாய ஆரம்பிச்சுது. பாத்தீங்களா?"

"பாத்தேன்," என்றார் யோசிக்காமல்.

"அப்ப அந்தப் பொண்ணு விலை என்ன?"

"ஆறு."

"நீங்க கட்டினப்ப?"

"நாலு."

அமலதாசன் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். அவருக்கு அவை வெறும் எண்கள்.

சொல்லி முடித்த பிறகுதான் நாச்சிமுத்துவுக்கு உறைத்தது. பதினாலு வயது வரை அவர் பக்கத்தில் உட்கார்ந்து விலைகளைப் பார்த்து வளர்ந்தவள் அவள். பணத்துக்காகக் கட்டுகிறவன் ஆறு இருக்கும்போதே கட்டியிருப்பான். தெரிந்துகொண்டே நாலு வரும்வரை காத்திருக்க மாட்டான். அப்படியென்றால் அந்த மூன்று கேம், அந்தப் பதினாலு நிமிடம், அப்பா அந்த அறைக்குள் என்ன செய்துகொண்டிருந்தார்?

சம்யுக்தாவின் வெடித்த உதடு லேசாக நடுங்கியது. கண்ணில் நீர் கட்டியது. துடைக்கவில்லை. அவரையே பார்த்தாள். ஆறு வருஷமாக ஃபோனில் மட்டும் கேட்ட குரலுக்கு முகம் கிடைத்தது போலப் பார்த்தாள்.

மோட்டார்கள் எல்லாம் ஒரே நேரத்தில் நின்றுபோயின.

"சார்..." அமலதாசன் நிமிர்ந்தார். "என்ன சார் இது? நூத்திப் பதினெட்டு காட்டுது. இன்னும் ஏறுது. கையெழுத்துப் போடறப்ப இப்படி இருந்தா மொத்த வாக்குமூலமும் செல்லாது. மறுபடி முதல்லேர்ந்து விசாரிக்கணும். வாட்ச், ஃபோன், எல்லாத்தையும்."

நாச்சிமுத்து மூச்சை இழுத்து நிறுத்தினார். கண்ணை மூடினால் அவள் தெரிந்தாள். திறந்தாலும் அவள்தான். நூற்று இருபத்து மூன்று.

"சார்," என்றாள் சம்யுக்தா. குரல் கரகரத்தது, ஆனால் நிதானமாக இருந்தது. "என் மூஞ்சியைப் பாத்தா அவருக்கு ஏறும். பாக்காம இருந்தா இறங்கிடும். எனக்கும் இவரைப் பாக்க வேண்டாம்."

ஊசிக் குழாய்களை ஒரு கையால் ஒதுக்கிக்கொண்டு, வலியோடு, மெல்லப் புரண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். போர்வையைத் தோள்வரை இழுத்துக்கொண்டாள்.

அமலதாசன் பேனாவை மூடாமல் காத்திருந்தார்.

நூற்று ஒன்பது. தொண்ணூற்றாறு. தொண்ணூற்றொன்று.

எண்பத்தெட்டு.

"இப்பப் போடுங்க," என்றார் அமலதாசன்.

நாச்சிமுத்து கையெழுத்துப் போட்டார்.